ஆஸ்பத்திரிக்காரருக்கு ஒன்றும் தொற்றாதாம்

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவங்களுக்கு ஒன்னும் தொத்தாது. பழகிப்போன உடம்பு." ஹல்துமுல்லையிலிருந்து கொஸ்லந்தை வரை லயத்திலும் கடைத்தெருவிலும் இதைச் சொல்லாதவர் குறைவு. வைத்தியசாலை ஊழியர்களே தங்களைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்வதுதான் வேடிக்கை. கொழுந்து பறிக்கிற கைக்குக் காய்ப்பு ஏறுவதுபோல, நோயாளிகள் நடுவே நிற்கிற உடம்புக்கும் ஏதோ ஒரு காய்ப்பு ஏறிவிடும் என்று ஒரு நம்பிக்கை. சொல்பவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் மூன்றாவது டோஸ் போடாமல் விட்ட தடுப்பூசி அட்டையும், யாரிடமும் சொல்லாமல் விட்ட ஊசிக் குத்தும் இந்தப் பாராட்டுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கின்றன.

இந்தப் பேச்சில் உண்மை கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்து, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்த ஒருவருக்கு அது மறுபடி வருவது அரிது. ஆனால் அந்தக் காப்பு ஒரு வைரஸுக்கு மட்டுமே. கொப்புளிப்பானோடு பழகிய உடம்புக்கு இன்புளுவென்சா புதிது. போன வருட இன்புளுவென்சாவைக் கண்ட உடம்புக்கு இந்த வருடத்தது புதிது. கொப்புளிப்பானே வராத ஒரு கர்ப்பிணித் தாதி கொப்புளிப்பான் நோயாளிக்குப் பக்கத்தில் நின்றால், அவருடைய இருபது வருட சர்வீஸ் அவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும் என்றால் ஹெபடைட்டிஸ் பி விடயத்தில் அது எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1983இல் மட்டும் 10,000க்கு மேற்பட்ட சுகாதார ஊழியர்களுக்கு வேலையிடத்திலிருந்து அந்த வைரஸ் தொற்றியது. 2001இல் அது 400க்கும் கீழே இறங்கியது. இடையில் வந்தவை தடுப்பூசியும், இரத்தத்தைக் கையாளும் கட்டுப்பாடுகளும். அதற்கு முன் வேலை செய்தவர்களும் நோயாளிகளோடு வருடக்கணக்காகப் பழகியவர்கள்தானே.

"முப்பது வருசமா இருக்கேன், எனக்கு ஒன்னும் ஆகலையே" என்பவருக்கும் ஒரு பதில் உண்டு. ஹெபடைட்டிஸ் பி தொற்றிய பெரியவர்களில் பலருக்கு அடையாளமே தெரியாது. மஞ்சள் காமாலைகூட வராமல் போகலாம். 100 பேரில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு அது உடம்பிலேயே தங்கி, பல வருடம் கழித்து ஈரலைக் கெடுக்கும். இரத்தம் சோதிக்காத ஒருவர் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்? இளமையும் காப்பல்ல. ராகமை போதனா வைத்தியசாலையின் வைத்தியர் கயான் தந்தநாராயண கொவிட்டால் இறந்தபோது வயது 32. அது 2021 பெப்ரவரி 2. சுகாதார ஊழியருக்கான கொவிட் தடுப்பூசி இலங்கையில் தொடங்கி நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன.

அடுத்தது, "பெரிய வியாதியெல்லாம் பதுளைக்கோ கொழும்புக்கோ போயிரும், நம்ம சின்ன ஆஸ்பத்திரிக்கு வர்றது தடிமன் காய்ச்சல்தான்." எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நோயாளி பதுளைக்குப் போகிறார், சரி. எங்கிருந்து போகிறார்? தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலில் காட்டி, பிறகு பிரதேச வைத்தியசாலையில் ஓரிரு இரவு கிடந்து, குணமாகாமல்தான் அம்பியூலன்சில் பெரகலை ஏறி தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போகிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் ஒரு துண்டும், நோயைப் பற்றி ஒரு சந்தேகமும் இருக்கும். நம்மிடம் வரும்போது நோய்க்குப் பெயரே இருக்காது. பெயர் இல்லாத நோய்க்கு யாரும் முகக்கவசத்தைச் சரியாகக் கட்டுவதில்லை.

கேரளத்தின் பேராம்பிராவில் 2018இல் நடந்ததைப் பாருங்கள். அது மருத்துவக் கல்லூரி அல்ல, தாலுகா ஆஸ்பத்திரி. அங்கே காய்ச்சலோடு வந்த ஒருவரைப் பராமரித்தவர் லினி புதுச்சேரி என்ற தாதி. வந்தது நிபா என்று அப்போது யாருக்கும் தெரியாது. மே மாதத்தில் பூனே ஆய்வுகூடம் பெயரை உறுதிசெய்தபோது அவர் சாகக் கிடந்தார். மே 21இல் இறந்தார். 2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் அதே வைரஸ் பரவியபோது நோயுற்ற 66 பேரில் முக்கால் பங்கினர் வைத்தியசாலை ஊழியர்கள், அல்லது அங்கே நோயாளியைப் பார்க்கப் போனவர்கள். அந்த நோய்க்கு நிபா என்ற பெயர் கிடைத்தது வருடங்களுக்குப் பிறகு, எடுத்து வைத்திருந்த மாதிரிகளைச் சோதித்தபோது. இலங்கையில் நிபா பரவியதில்லை. நான் சொல்ல வருவது நிபாவைப் பற்றி அல்ல, முதல் வாசலில் நிற்பவர் யார் என்பதைப் பற்றி.

"ஆபத்து டொக்டருக்கும் நர்ஸுக்கும்தான், கூட்டித் துடைக்கிறவருக்கு என்ன?" என்கிறார்கள். தலைகீழான கணக்கு இது. தாதிக்கு ஊசி குத்தினால், அது எந்தக் கட்டில் நோயாளிக்குப் போட்ட ஊசி என்று அவருக்குத் தெரியும். அந்த நோயாளியின் சம்மதத்தோடு இரத்தத்தைச் சோதிக்கலாம். குப்பைப் பையைத் தூக்கும் சிற்றூழியரின் தொடையில் பைக்குள்ளிருந்து ஒரு ஊசி ஏறினால், அது யாருடைய இரத்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு கிடக்கும். போதாக்குறைக்கு, ஒப்பந்தக் கம்பனி மூலம் துப்புரவுக்கு வருபவருக்குத் தடுப்பூசி யார் போடுவது, யார் பதிவது என்ற கேள்வி ஆஸ்பத்திரிக்கும் கம்பனிக்கும் நடுவில் கிடக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இன்னும் மோசம்: மருந்து கொடுப்பவர், காயம் கட்டுபவர், ஊசி போடுபவர், அந்த ஊசியை அப்புறப்படுத்துபவர் எல்லாமே பெரும்பாலும் ஒரே ஆள்.

"நம்ம நாட்டுல அந்த வியாதியெல்லாம் குறைவு." இது உண்மை. எச்.ஐ.வி உள்ளவர்கள் இலங்கைப் பெரியவர்களில் 0.1 வீதத்துக்கும் குறைவு. ஹெபடைட்டிஸ் பியும் அண்டை நாடுகள் பலவற்றைவிடக் குறைவு. ஆனால் குத்திய அந்த ஒரு ஊசி யாருடையது என்பதற்கு நாட்டின் சராசரி பதில் சொல்லாது. எச்.ஐ.வி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி 1,000 முறை குத்தினால் சுமார் 3 முறை தொற்றும். ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 100க்கு 6 முதல் 30 வரை. எங்கள் பயமோ இதற்கு நேர்மாறாக நிற்கிறது. எச்.ஐ.வி நோயாளி என்று தெரிந்தால் கட்டில் பக்கமே போகாதவர், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் இரண்டாவது டோஸோடு நின்றுவிடுகிறார். இலங்கையில் குழந்தைகளுக்கான அட்டவணையில் இந்த ஊசி சேர்ந்தது 2003இல். அதற்கு முன் பிறந்த ஊழியர் எவரும் "சின்னதிலேயே போட்டிருப்பாங்க" என்று நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

கையுறையும் முகக்கவசமும் போதுமே என்பவர்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையுறை ஊசியை நிறுத்தாது. போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும் பழக்கத்தை விட்டு, அதை அப்படியே ஊசிப் பெட்டியில் போட்டால் குத்துகளில் ஒரு பெரிய பங்கு நின்றுவிடும். நோயாளி எதிரில் இருக்கும்போது மட்டும் கட்டுகிற முகக்கவசமும் போதாது: சின்னமுத்து நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணிநேரம் வரை வைரஸ் காற்றில் நிற்கும். 2019இல் இலங்கை ஒழித்துவிட்டதாகச் சான்று பெற்ற அந்த நோய் 2023இல் திரும்ப வந்தது. குளிருக்குப் பயந்து இந்தப் பக்கத்து வார்டுகளில் எந்நேரமும் சாத்திக் கிடக்கும் ஜன்னலைப் பகலிலாவது திறந்து வைக்கச் செலவே இல்லை.

"அவருக்கு வெளியில எங்கயோ தொத்தியிருக்கும்" என்பது நிர்வாகங்கள் விரும்பும் வாதம். லீவும் நட்டஈடும் கொடுக்காமல் இருக்க வசதியானது. கொவிட்டின் முதல் அலையில் ஸ்கொட்லாந்து இதைக் கணக்கெடுத்தது. சுமார் 1,58,000 சுகாதார ஊழியர்களைப் பார்த்ததில், நோயாளிகளை நேரில் கவனித்தவர்கள் மற்ற ஊழியர்களைப்போல மூன்று மடங்குக்கு மேல் கொவிட்டால் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய வீட்டாருக்கும் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக, தொற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் போயிருக்கிறது. அங்கே வீட்டில் ஆளுக்கு ஓர் அறையாவது இருந்திருக்கும். இங்கே ஒரு காம்பராவும் இஸ்தோப்பும் உள்ள லயத்து வீட்டில் தாத்தா பாட்டியும் பிள்ளைகளும் படுக்கும் இடத்துக்குத்தான் சிற்றூழியர் டியூட்டி முடிந்து திரும்புகிறார்.

இப்படியெல்லாம் எழுதினால் பயந்து யாரும் வேலைக்கு வர மாட்டார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். வேலைக்கு வருபவருக்குச் செய்து கொடுக்க வேண்டியது அப்படி ஒன்றும் பெரியதல்ல. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கடைசி ஊசி போட்டு ஓரிரு மாதத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை. எதிர்ப்பு அளவு 10 mIU/mLக்குக் குறையாமல் இருந்தால் அந்த வைரஸைப் பற்றிய கவலை அதோடு முடிந்தது. ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அப்போதே பொறுப்பானவரிடம் சொல்லி, நேரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மருந்தைச் சில மணிநேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணிநேரம் தாண்டினால் தொடங்கிப் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். பெரகலையில் எவ்வளவு பனி மூடினாலும் அந்த நேரத்துக்குள் பதுளைக்குப் போய்ச் சேரலாம், குத்தியதை அன்றைக்கே சொல்லியிருந்தால்.