பதினோராவது பொருத்தம்!

ப்ளஸ் டூ பயாலஜியில 3:1, 3:1னு மனப்பாடம் பண்ணினது ஞாபகம் இருக்கா? பரீட்சை முடிஞ்ச கையோட மெண்டலையும் அவரோட பட்டாணியையும் மறந்திருப்பீங்க. ஆனா, அந்த 3:1 உங்க கல்யாணப் பந்தல் வரைக்கும் வரும் பாஸ்!

கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. இன்றைய செக் குடியரசில் இருக்கும் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். உருண்டை விதை ரகத்தையும் சுருங்கிய விதை ரகத்தையும் கலந்தார். கிடைத்ததெல்லாம் உருண்டை. சுருக்கம் போயே போச்சு! அந்த உருண்டைகளை விதைத்தால், அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஆக, சுருக்கம் எங்கேயும் போகலை. உள்ளேயே ஒளிஞ்சிருந்தது. 1866-ல் அவர் எழுதி வெளியிட்டதை உலகம் கண்டுகொண்டது 1900-ல்தான்.

நமக்குள்ளேயும் இதே கதைதான். பெரும்பாலான ஜீன்கள் நம்மிடம் ரெண்டு ரெண்டாக இருக்கும். ஒண்ணு அப்பா தந்தது, இன்னொண்ணு அம்மா தந்தது. சில ஜீன்களில் ஒண்ணு பழுதானாலும் மற்றது சமாளிச்சிடும். அப்படிப்பட்டவரை 'கேரியர்' என்பார்கள். டிபன் கேரியர் மாதிரிதான்... சுமக்கும், சாப்பிடாது!

ரெண்டு கேரியர்கள் கல்யாணம் பண்ணிக்கிட்டா? அப்பா ஒரு காசைச் சுண்டுகிறார், அம்மா ஒரு காசைச் சுண்டுகிறார்னு வச்சுக்குங்க. ரெண்டுமே பூ விழுந்தால் குழந்தைக்கு நோய். அதுக்கான வாய்ப்பு நாலில் ஒண்ணு. 'முதல் குழந்தைக்கு வந்தாச்சு, அடுத்த மூணும் தப்பிச்சிடும்'னு கணக்குப் போடாதீங்க. காசுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசாகத்தான் சுண்டணும்.

சிக்கிள் செல் ரத்தசோகை இப்படித்தான் வருது. டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறியதால், சிவப்பணு அரிவாள் போல வளைந்து, சின்ன ரத்தக் குழாய்களை அடைச்சுடும். தாங்க முடியாத வலி. ஆனா, அந்த ஜீன் ஒண்ணு மட்டும் இருந்தால், கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு! 1954-ல் ஆண்டனி ஆலிசன் ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். மலேரியா வாட்டிய ஊர்களில் இந்த ஜீன் நிலைச்சு நின்ற ரகசியம் இதுதான். நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-லேயே இது கண்டறியப்பட்டது. ஆக, இது யாரோட பாவமும் இல்லை, சாபமும் இல்லை.

தலசீமியாவும் இதே கணக்குதான். தீவிர வகை என்றால், குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றணும்.

'சொத்து வெளியே போகக்கூடாது'ன்னு மாமன் மகளைக் கட்டி வைக்கிறோம். சொத்தோட ஜீனும் வீட்டுக்குள்ளேயே சுத்துது! மாமன் மகளும் அத்தை மகனும் தாத்தா பாட்டி வழியே சராசரியா எட்டில் ஒரு பங்கு ஜீன்களைப் பகிர்ந்துக்கறாங்க. தாய்மாமனும் அக்கா மகளும்னா நாலில் ஒரு பங்கு. தாத்தாவிடம் ஒளிஞ்சிருந்த ஒரே பழுது, ரெண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுது. அதுக்காக உறவில் கட்டினால் நோய் நிச்சயம்னு அர்த்தமில்லை. வெளியில் கட்டினால் தப்பிச்சோம்னும் இல்லை.

கொடுமை என்னன்னா, குழந்தைக்கு நோய்னா 'இவ வந்த நேரம்'னு பழி மருமகள் தலையில்தான் விழுது. மெண்டல் கணக்குப்படி ரெண்டு காசும் விழுந்தால்தானே நோய்? பாதி மாப்பிள்ளை தந்தது சாமி!

என்ன செய்யலாம்? ஒரு ரத்தப் பரிசோதனை போதும், சிக்கிள் செல், தலசீமியா கேரியரா என்று பெரும்பாலும் தெரிஞ்சிடும். சிக்கிள் செல்லுக்காக மத்திய அரசே 2023-ல் தனி இயக்கம் ஆரம்பிச்சிருக்கு. ஒருத்தர் மட்டும் கேரியர்னா, குழந்தைக்கு அந்த நோய் வராது. ரெண்டு பேருமேன்னா, கல்யாணத்தை நிறுத்தணும்னு இல்லை. மரபியல் ஆலோசனை இருக்கு, கருவிலேயே பார்க்கும் பரிசோதனையும் இருக்கு. தெரிஞ்சு முடிவெடுக்கலாம்.

பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் பதினோராவதா ரத்தப் பொருத்தமும் பார்க்கச் சொல்லுங்க. வீட்டுல முறைப்பாங்க... பரவாயில்லை. நீங்கதானே படிச்சவங்க!