விரல் மரத்தால் ஆபத்து!

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளை நிறையப் போடுங்கள். அதற்குள் கையை விட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் தாங்கும்?

கொஞ்ச நேரத்தில் விரல்கள் வலிக்கும். பிறகு மரத்துப் போகும். அந்தக் கையால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது.

அப்படிப்பட்ட தண்ணீரில் அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் மூழ்கி இருக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

ஐஸ்லாந்து நாட்டில் சில்ஃப்ரா என்று ஓர் இடம் இருக்கிறது. பூமியின் மேல் ஓட்டிலே இரண்டு பெரிய பாளங்கள் விலகுகிற இடம் அது. அங்கே உண்டான வெடிப்பில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. பனிமலை உருகிய நீர், எரிமலைப் பாறைகளுக்குள் பல ஆண்டுக் காலம் வடிந்து அங்கே வந்து சேருகிறது. அதனால் கண்ணாடி போன்ற தெளிவு! தண்ணீருக்குள் 100 மீட்டர் தூரம் தெரியும். குளிரோ 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேடு. கோடையிலும் அதே குளிர்தான்.

அண்டார்டிகாவில் இதைவிட மோசம். மக்மர்டோ என்ற இடத்தில் அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கடலின் மேல் மூடிய பனிக்கட்டியில் துளை போட்டு, விஞ்ஞானிகள் உள்ளே இறங்குகிறார்கள். அது உப்பு நீர். ஆகையால், பூஜ்யத்துக்குக் கீழே 1.8 டிகிரி வரை போயும் உறைவதில்லை. தலைக்கு மேலே பனிக்கூரை. வெளியே வர அந்தத் துளைதான் வழி.

கைக்கு என்ன கேடு?

முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கும் இவர்கள், தண்ணீர் புகாத உலர் உடை அணிகிறார்கள். அதற்குள் கம்பளித் துணி போன்ற உடுப்பு. உடம்பு தப்பித்துக்கொள்ளும். கை?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்துகிறது. குளிர் ஏறினால், உடம்பு முதலில் இதயத்தையும் நுரையீரலையும் காப்பாற்றப் பார்க்கிறது. கைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து விடுகிறது. ஆகவே முதலில் விரல்தான் அவதிப்படும்.

அந்த விரல்தானே காற்று வால்வைத் திருக வேண்டும்? இடுப்பில் கட்டிய ஈயக் குண்டுகளைக் கழற்ற வேண்டும்? கூட வந்தவர் திணறினால், அவருக்குத் தன் காற்றுக் குழாயைக் கொடுக்க வேண்டும்? விரல் விறைத்தவனிடம் சிலிண்டர் நிறையக் காற்று இருந்தும் பயன் இல்லாமல் போகலாம்.

உடைக்கு ஏராளமாகப் பணம் கொடுக்கிறவர்களில் பலர், கையுறையைக் கடைசியில் அவசரமாக வாங்குகிறார்கள். இது சரியல்ல.

காசு சோதனை

கையுறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஈரக் கையுறை. பஞ்சு போன்ற ரப்பரில் செய்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும். சில்ஃப்ராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரை மணியில் கரை ஏறுகிறவருக்கு இது போதும்.

நெடுநேரம் இருக்கிறவருக்கும், கையால் வேலை செய்கிறவருக்கும் உலர் கையுறைதான் ஏற்றது. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வெளி உறை, பல சமயம், மீன்பிடிப் படகில் வேலை செய்வோர் போடுகிற ரப்பர் உறைதான்! உள்ளே கம்பளி உறை. வெளி உறையை உடையின் கைப்பகுதியோடு இரண்டு வளையங்கள் இணைக்கின்றன.

கம்பளிக்குள் தங்கி நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இது தெரியாமல், "தடியான உறையாக இருந்தால் நல்லது" என்று சிலர் இறுக்கமான உறைக்குள் தடித்த கம்பளியைத் திணிக்கிறார்கள். காற்று நசுங்கிப் போகும். ரத்த ஓட்டமும் குறையும். கை முன்னைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கடையிலேயே உள் உறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். கையை மடக்கி மூட வேண்டும். மேஜையில் ஒரு காசை வைத்து எடுக்க வேண்டும். சொந்த இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும். காசையும் எடுக்க முடியாத, கொக்கியையும் கழற்ற முடியாத கையுறை எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் வேண்டாம்.

வெட்டலாமா, கூடாதா?

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகிறது. உறைக்குள் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. உறை கையோடு ஒட்டிப் பிடிக்கும். ஆகவே, உடையில் இருக்கும் காற்று கையுறைக்கும் போக வேண்டும்.

நடுவில் மணிக்கட்டைப் பிடிக்கும் மெல்லிய ரப்பர் பட்டி தடுக்கிறது. அதன் அடியில் சின்னக் குழாயோ, கனத்த நூலோ செருகினால் போதும். கையைத் தூக்கினால் காற்று உறைக்குள் போய்விடும்.

சிலர் அந்தப் பட்டியையே வெட்டி எறிந்து விடுகிறார்கள். "குழாயும் வேண்டாம், நூலும் வேண்டாம், சுகமாக இருக்கிறது" என்கிறார்கள்.

சுகம்தான். ஆனால் கூரான பாறை ஒன்று உறையைக் கிழித்தால்? பனித் தண்ணீர் கைவழியே உடைக்குள் புகுந்துவிடும். பட்டி இருந்தால் நனைவது பெரும்பாலும் ஒரு கைதான். குழாய் வழியாகக் கொஞ்சம் கசியலாம், வெள்ளமாகப் புகாது. வெளியே வரும் துளை தூரத்தில் இருக்கும்போது, இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசமா? பட்டியை வெட்டக் கூடாது.

இன்னொன்று. உலர் கையுறை கசிவதற்குப் பல சமயம் ஓட்டை காரணம் அல்ல. வளையத்தில் கம்பளி நூல் ஒன்று சிக்கியிருக்கும். அல்லது ஒரு மயிர். மாட்டிவிடும் நண்பர் விளக்கு வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்துவிட்டு அமுக்க வேண்டும்.

முதல் தடவை இதைப் பனி நீரில் போட்டுப் பழகுவது மடமை. நீச்சல் குளத்தில் போட்டு, வால்வைத் திறந்து மூடிப் பழகலாம். கண்ணை மூடிக்கொண்டும் பழகலாம்!

நீருக்குள் அவ்வப்போது கட்டை விரலால் சுண்டு விரல் நுனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எட்டவில்லை என்றால் உடனே திரும்ப வேண்டும். வலி வந்து, பிறகு தானாகப் போய்விட்டால், "பழகிவிட்டது" என்று மகிழக் கூடாது. பழகவில்லை, மரத்துவிட்டது!

பையில் ஒரு ஜோடி ஈரக் கையுறையும் இருக்கட்டும். கரையிலேயே உலர் உறை கிழிந்து போனால், மணிக்கட்டுப் பட்டி உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இறங்கி வரலாம். பட்டியை வெட்டியவர் அன்று கரையில் உட்கார்ந்து, மற்றவர்களின் துணிமணிக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.