ஏசி ரிப்பேரும் மருத்துவச் செலவுதான்

1/
போன வருஷம் மே மாசம், மதிய டூட்டி. 72 வயசு அம்மா ஒருத்தரை அவங்க மகன் ஆட்டோவுல கூட்டிட்டு வந்தார். "காலைல இருந்து தூங்கிட்டே இருக்காங்க சார், எழுப்பினா என்னமோ உளர்றாங்க." தொட்டுப் பார்த்தா உடம்பு அனலா கொதிக்குது. வெப்பநிலை 106 டிகிரி ஃபாரன்ஹீட்.

2/
ஹீட் ஸ்ட்ரோக். பேர்ல ஸ்ட்ரோக் இருந்தாலும் இது பக்கவாதம் இல்லை. உடம்பு தன்னைத்தானே குளிர்விக்க முடியாம தோத்துப்போற நிலை. உடம்பெல்லாம் தண்ணீர் தெளிச்சு, ஃபேன் வச்சு, அக்குள்லயும் தொடை இடுக்குலயும் ஐஸ் வச்சோம். பிழைச்சுட்டாங்க. எல்லாரும் பிழைக்கிறதில்லை.

3/
மறுநாள் ரவுண்ட்ஸ்ல மகன்கிட்ட கேட்டேன். அந்த அம்மா வெயில்ல எங்கயும் போகலை. மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற ரூம்லதான் படுத்திருந்திருக்காங்க. ரூம்ல ஏசியும் இருக்கு!

4/
"ஏப்ரல்லயே கூலிங் நின்னுடுச்சு சார். மெக்கானிக் கேஸ் போடணும், 3,500 ஆகும்னார். போன வருஷமும் போட்டோம். அம்மாதான் 'எதுக்குடா தண்டச் செலவு, ஃபேன் போதும்'னு சொல்லிட்டாங்க." இந்த த்ரெட்டே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்: தண்டச் செலவு.

5/
அம்மா பிரஷர் மாத்திரைக்கு 200 ரூபாய்னா யாரும் யோசிக்க மாட்டோம். அதே அம்மா படுக்கிற ரூம் ஏசிக்கு 2,000னா "அடுத்த மாசம் பாத்துக்கலாம்". வீட்டில் முதியவர், இதய நோயாளி, கிட்னி நோயாளி, கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால், கோடையில் அந்த ரூமின் வெப்பத்தைக் குறைப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். இது என் கருத்து.

6/
"நம்ம தாத்தா பாட்டி ஏசியிலயா வாழ்ந்தாங்க?"
வாழலை. ஆனா அவங்க இருந்தது திண்ணை, முற்றம் வச்ச ஓட்டு வீடு, கூரை வீடு. நாம இருக்கிறது கான்கிரீட் பெட்டி. பகல் முழுக்க வெயிலைக் குடிச்சிட்டு, ராத்திரி முழுக்க அதை ரூமுக்குள்ள விடும். உடம்புக்கு ராத்திரியாவது ஓய்வு கிடைக்கணும். அதுவும் இல்லைன்னா மூணாவது, நாலாவது நாள் விழுந்துடும்.

7/
"ஃபேன் போதாதா?"
ஃபேன் காத்தைக் குளிர்விக்காது. வியர்வை ஆவியாக உதவும், அவ்வளவுதான். ரூம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிட்டா ஃபேன் உடம்பை இன்னும் சூடாக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வயசானவங்களுக்கு வியர்வையே குறைவு. நீர் பிரியும் மாத்திரை, சில மனநல மாத்திரைகள் சாப்பிடுறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

8/
இப்ப அந்த "கேஸ்" விஷயம். நான் மெக்கானிக் இல்லை. ஆனா ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீராது. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சிருந்தா எங்கயோ லீக். லீக்கை அடைக்காம வருஷா வருஷம் கேஸ் போடுறது, ரத்தம் கசியுற இடத்தைப் பார்க்காம பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்துற மாதிரி.

9/
அதனால மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டியது:
- ஃபில்டர், இண்டோர் காயில், அவுட்டோர் யூனிட் கழுவியாச்சா? கூலிங் குறைய பல நேரம் அழுக்குதான் காரணம்.
- பிரஷர் பார்த்தீங்களா? லீக் எங்கன்னு காட்டுங்க.
- எந்த கேஸ்? பழைய மெஷின்ல பெரும்பாலும் ஆர்-22, புதுசுல பெரும்பாலும் ஆர்-32. ஸ்டிக்கர்ல இருக்கும். மாத்திப் போடக் கூடாது. ஆர்-32 லேசாத் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது.

அந்த அம்மா வீட்டுல கடைசியில லீக் இருந்தது குழாய் இணைப்பு நட்டுல. சரி பண்ண ஆன செலவு, ரெண்டு தடவை கேஸ் போடுறதை விடக் குறைவு.

10/
நல்ல மெக்கானிக்குகள் நிறைய பேர் இருக்காங்க. 42 டிகிரி வெயில்ல மூணாவது மாடி சன்ஷேடுல தொங்கிட்டு வேலை செய்றவங்க அவங்க. ஹீட் ஸ்ட்ரோக் அவங்களுக்கும் வரும். தண்ணீர் கொடுங்க, காலையிலயோ சாயங்காலமோ வரச் சொல்லுங்க. மே மாசம் அவசரப்படுத்தாம மார்ச்லயே கூப்பிடுங்க.

11/
கரண்ட் பில் பயம் நியாயமானது. வழி இருக்கு:
- 18ல வைக்காதீங்க. 26ல வச்சு ஃபேனையும் போடுங்க. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசின் பி.இ.இ. சொல்லுது.
- எல்லா ரூமுக்கும் ஏசி வேண்டாம். கோடை ராத்திரியில குடும்பமே ஒரே ரூம்ல படுக்கலாம்.
- பழைய ஏசி கம்ப்ரஸர் போச்சுன்னா, அந்தப் பணத்தைப் புது இன்வெர்ட்டர் ஏசியில போடுறது நல்லது.
- எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஏசி மாட்டவே மாட்டாதீங்க. தனி லைன், தனி எம்.சி.பி.

12/
ஏசி வாங்க முடியாதவங்கதான் என் ஓ.பி.யில பாதிக்கு மேல. அவங்களுக்கு முதல் மருந்து மொட்டை மாடி. வெள்ளைச் சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்ட்டோ அடிச்சா ரூமோட சூடு நல்லாவே குறையும். ஏசி இருக்கிறவங்களும் இதைச் செய்யுங்க, மெஷினுக்கு வேலை குறையும். ஷீட் வீடா இருந்தா, மதியம் முதியவங்களைப் பக்கத்துல குளிர்ச்சியான இடத்துக்கு மாத்துங்க. ஈரத் துணியால உடம்பைத் துடைச்சு விடுங்க.

13/
தெலங்கானா 2023லயே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்துச்சு. தமிழ்நாடு 2024ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது. நல்ல விஷயம். ஆனா இறந்த பிறகு நிவாரணம் கொடுக்கிறதை விட, இறக்காம இருக்க ஷீட் வீடுகளுக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சுக் கொடுக்கிறது மலிவு. அரசு மருத்துவரா இதைத் தயங்காம சொல்றேன்.

14/
கடைசியா, வெயில் காலத்துல உடம்பு கொதிச்சு, பேச்சு குழறினா, மயங்கினா: 108க்கு போன் பண்ணுங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊத்தி விசிறுங்க. பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது. மயக்கத்துல இருக்கிறவங்க வாயில தண்ணீர் ஊத்தாதீங்க.

15/
அந்த அம்மா டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது என்கிட்ட கேட்டாங்க: "ஏசி போட்டா பில்லு எகிறுமே தம்பி?"
"நீங்க ஐசியூல படுத்திருந்த ஆறு நாள் உங்க பையன் வேலைக்குப் போகலைம்மா. அந்தச் சம்பளத்துல ரெண்டு மாச பில்லு கட்டியிருக்கலாம்"னேன்.
சிரிச்சுட்டே போனாங்க. இந்த வருஷம் இன்னும் வரலை. வர வேணாம்.