கத்தியை மடக்கியவர்

1930 கோடை. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி ஒருவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் முடிந்திருந்தது. உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உப்பெடுக்க வந்த தொண்டர்களை அடிக்கிற போலீசுக்குச் சவரம் செய்வதில்லை, துணி வெளுப்பதில்லை என்று ஊர் கட்டுப்பாடாக இருந்த நேரம் அது. வைரப்பன் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். மிரட்டியும் மீதி முகத்தை வழிக்கவில்லை. சிறைக்குப் போனார். அவர் பெயரில் வேதாரண்யத்தில் ஒரு நினைவுத் தூண் இருக்கிறது.

அந்தத் தூணைப் பார்க்கப் போனபோது என்னோடு யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் வந்திருந்தார். 1990-ல் படகேறி இந்தக் கரைக்கு வந்தவர், இப்போது திருச்சியில் இருக்கிறார். வைரப்பன் கதையை நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "அண்ணை, எங்கட அப்புவும் கச்சேரி வாசல்ல குந்தியிருந்தவர்தான். அடியும் வாங்கினவர். அவருக்கு என்ன கிடைச்சது?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தப் பத்தி அதைத் தேடிய முயற்சி.

கச்சேரி என்றால் யாழ்ப்பாணத்தில் மாவட்ட அரசு அலுவலகம். 1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. அதை எதிர்த்துக் கொழும்பு காலிமுகத்திடலில் அறவழியில் உட்கார்ந்த தமிழர்களைக் கும்பல் அடித்து விரட்டியது, போலீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டம் 1961 தொடக்கத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி பிப்ரவரி 20 அன்று யாழ்ப்பாணக் கச்சேரி வாசலை மறித்து உட்கார்ந்தது. முதல் நாளே தடியடி. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார், வவுனியா என்று பரவியது. ஏறத்தாழ இரண்டு மாதம் வடக்கிலும் கிழக்கிலும் அரசு அலுவலகங்கள் முடங்கின. ஏப்ரல் 14 அன்று தமிழரசு என்ற பெயரில் சொந்தமாகத் தபால் சேவையே தொடங்கி, தபால்தலையும் வெளியிட்டார்கள். மூன்று நாளில் அவசரநிலை அறிவிப்பு வந்தது. ராணுவம் இறங்கியது. தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டார்கள். வாசல் காலியானது.

ஒழுங்கில் குறையில்லை, துணிச்சலில் குறையில்லை, மக்கள் திரளிலும் குறையில்லை. காந்தி கேட்ட எல்லாம் அங்கே இருந்தது. தோற்றது ஏன்?

திரும்பவும் வைரப்பனிடம் போகிறேன். உப்புச் சட்டத்தை மீறுவதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு 1930 ஏப்ரல் 13 அன்று நடந்து கிளம்பியபோது, தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் ஓர் உத்தரவு போட்டார். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை. ஊர்க்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று எந்தப் போலீசால் கண்டுபிடிக்க முடியும்? தார்ன் கெட்டிக்காரர், கண்டிப்பானவர். ஆனால் அவருடைய உத்தரவை ஊர் ஊராகச் செல்லுபடியாக்க வேண்டியவர்கள் கிராம முன்சீப், தலையாரி, கான்ஸ்டபிள் எல்லாரும் இந்த மண்ணின் ஆட்கள். அவர்களுக்குத் துணி வெளுப்பவரும் முகம் வழிப்பவரும் தண்ணீர் கொடுப்பவரும் இந்த மண்ணின் ஆட்கள். வெள்ளைக்கார ஆட்சி நம்முடைய கைகளால்தான் நடந்தது. கைகள் விலகின இடத்தில் அது தடுமாறியது.

அகிம்சை எதிரியின் மனத்தை உருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். தார்ன் மனம் உருகவில்லை. போராட்டத்துக்கு ஊரில் துணை நின்ற வேதாரண்யம் சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள்; உப்பைப் பிடித்த கைகளைத் தடியால் அடித்தார்கள். உப்பு வரிகூட உடனே போகவில்லை. 1931 காந்தி - இர்வின் ஒப்பந்தத்தில் கரையோர மக்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் சலுகை கிடைத்தது. வரி ஒழிந்தது 1947-ல். அறப்போர் விரைந்து பலன் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் விலகுவதற்கு அப்படிப்பட்ட கைகள் இல்லை. கச்சேரி முடங்கியதால் தவித்தது யாழ்ப்பாணத்து மக்கள்தான், கொழும்பு அல்ல. பிரதமர் ஸ்ரீமாவோவின் அரசுக்கு ஓட்டு தெற்கில் இருந்தது. அனுப்பிய சிப்பாய் தெற்கிலிருந்து வந்தான். அவனுக்கு முகம் வழித்துவிடும் ஆளும் தெற்கில்தான் இருந்தார், அவர் கத்தியை மடக்கவில்லை. 1956-ல் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சிங்கள இடதுசாரிகள் இருந்தார்கள். அவர்களில் பெரிய கட்சியான லங்கா சமசமாஜமே 1964-ல் ஸ்ரீமாவோ அரசில் சேர்ந்துகொண்டது. இருந்த சில கைகளும் போயின.

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 போராட்டங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஆயுதமில்லாதவற்றில் நூற்றுக்கு 53 வென்றன. ஆயுதம் ஏந்தியவற்றில் 26. இதை நண்பருக்குச் சொன்னேன். "மிச்சம் நாப்பத்தேழில எங்கட அப்பு" என்றார். அவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தரவில்லை. தரவேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் தப்பு.

இலங்கையில் அறவழி தோற்றதால்தான் ஆயுதம் வந்தது என்பார்கள். உண்மைதான். 1987-ல் அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது, துப்பாக்கி இல்லாமல் அது வந்திருக்காது என்பார்கள். அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதே துப்பாக்கி 2009 மே மாதம், போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். நண்பரின் தம்பி ஆயுத இயக்கத்துக்குப் போனவர். "அப்பு அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். தம்பி வரேல்லை" என்றார், வேதாரண்யம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் முடிவு இதுதான். அறப்போர் வெல்லும், எதிராளியின் பக்கத்திலேயே கத்தியை மடக்குகிறவர் இருந்தால். இல்லையென்றால் அப்படி ஒருவரைத் தேடுவதுதான் போராட்டத்தின் முதல் வேலை. வாசலில் உட்காருவது அதற்கு அப்புறம். 1961-ல் அந்த வேலை நடக்கவில்லை. குற்றம் உட்கார்ந்தவர்களுடையது மட்டும் அல்ல. கொழும்பிலும் கண்டியிலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு நடந்துபோய் உப்பள்ளுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் தானும் வருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். அப்புவின் பெயரைச் சொல்லி ஒரு பிடி அள்ள வேண்டுமாம்.