கோவலன் சொன்ன தூரம்

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், நடந்து களைத்த கண்ணகி மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம்தான், அருகிலே என்று நகைத்தபடி விடை சொல்கிறான் கோவலன். எண்ணை மறைக்காமலே தொலைவை மறைக்கும் இந்த உத்தியை, விமானப் பயண நேரத்தைப் பற்றிய நம் காலத்துப் பேச்சிலும் காண்கிறேன்.

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ளது. ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் உள்ளது. நிலப்படத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக அமைந்திருக்கின்றன. நேர்கோட்டுத் தொலைவு சுமார் 340 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஏடிஆர் விமானத்திற்கு, ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து, ஒரு மணி நேரப் பயணம்.

கணக்கு சரிதான், விமானம்தான் இல்லை. வானில் செல்ல விரும்புபவர் சென்னை போன்ற பெருநகரத்தில் இறங்கி மாறவேண்டும். சேலத்திலிருந்து சென்னை சுமார் 265 கிலோமீட்டர், அங்கிருந்து தூத்துக்குடி சுமார் 530. ஆக 340 கிலோமீட்டர் தொலைவு ஏறத்தாழ 800 ஆகிவிடுகிறது. சென்னையில் காத்திருக்கும் நேரம் தனி. நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியே காரில் கிளம்பியவர் ஏழு மணி நேரத்தில் வீடு சேர்ந்திருப்பார்.

சிறு நகரங்களை வானில் இணைக்கும் நோக்குடன் 2016இல் உடான் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் அதன் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. சேலத்திற்கு அத்திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் கிடைத்தது சென்னைச் சேவை. அது 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று மீண்டும் தொடங்கியது. எல்லாமே சிறு நகரத்திலிருந்து பெருநகரத்துக்கு. சிறு நகரத்திலிருந்து இன்னொரு சிறு நகரத்துக்குச் செல்பவனை எவரும் பயணியாக எண்ணுவதில்லை.

சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு நாள்தோறும் எழுபது பேர் பறப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருவேளை பறக்கமாட்டார்கள். வாரம் இருமுறை, சிறிய விமானம் என்று தொடங்கலாம் அல்லவா? 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு நேரடிச் சேவை தொடங்கியது. இடையே கடல் உட்பட நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர்தான். அதுவரை திருச்சிக்காரர் விமானத்தில் அங்கே செல்லச் சென்னையையோ கொழும்பையோ சுற்றவேண்டியிருந்தது.

இது வெறும் பயண வசதியைப் பற்றிய வாதம் அன்று. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய ஊர்களில் விமான நிலைய விரிவாக்கத்திற்காக ஏறத்தாழ 570 ஏக்கர் நிலம் கேட்கப்பட்டது. 2018இல் உழவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். இன்றுள்ள ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர். ஏடிஆர் விமானத்திற்கு அது போதும். 2018இல் வந்ததும் அவ்வகை விமானமே. நீண்ட ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்கானது. அதாவது, நம் ஊர்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு சென்ட் விளைநிலமும் தேவையில்லை. பெருநகரத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கவே அந்த நிலம் தேவைப்படுகிறது.

வளர்ச்சி வேண்டாம் என்பவன் அல்லன் நான். நிலத்தை அளக்கும் கல் நடுமுன், அந்த நிலத்துக்காரரிடம் இரண்டு விவரங்களை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்கிறேன்: இந்த ஓடுபாதையிலிருந்து எந்தெந்த ஊர்களுக்கு நேராகச் செல்லமுடியும்? வீட்டு வாசலிலிருந்து வாசல்வரை எத்தனை மணி நேரம் ஆகும்? வானில் இருக்கும் நிமிடங்களை மட்டும் சொல்லி நிலம் கேட்பது கோவலனின் விடையைப் போன்றது. நடக்கவேண்டியவள் கண்ணகி.