நட்சத்திரம் போடுமுன் ஒரு போன்

மாம்பழ மஞ்சள் கேட்டவருக்கு எலுமிச்சை மஞ்சள் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டிலிருந்தே புடவை விற்கும் ஒரு பெண், இரண்டு பார்சல்களின் முகவரி லேபிளை மாற்றி ஒட்டியதால் வந்த வினை. வாங்கியவர் போன் செய்யவில்லை, செய்தியும் அனுப்பவில்லை. நேரே ஒற்றை நட்சத்திரம், கூடவே ‘ஃபிராடு’ என்று ஒரு பட்டம். இப்படி நடப்பது அபூர்வமில்லை.

பத்தாயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடையில் அந்த ஒன்று விழுந்த தடமே தெரியாது. பத்தே பேர் கொடுத்த கடையிலோ சராசரி 5-லிருந்து 4.6-க்கு இறங்கிவிடும். தவறு ஒன்றுதான், அடி சின்னவருக்குத்தான்.

1996-ல் ஈபே என்ற இணைய விற்பனைத் தளம் மதிப்பீட்டு முறையைத் தொடங்கியபோது வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டார்கள். குறை சொன்னால் பதிலுக்கு நம் பெயரையும் கெடுப்பார்களோ என்று வாங்குபவர்கள் அஞ்சினார்கள். அதனால் 2008-ல், வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தரும் வசதியை விற்பவரிடமிருந்து ஈபே எடுத்துவிட்டது. சரியான முடிவுதான். ஆனால் பிரம்பு ஒருவர் கையில் மட்டுமே இருந்தால், அவர் ஓங்குவதற்கு முன் விசாரிக்க வேண்டாமா?

நேர்மையான தவறா, மோசடியா என்பது பார்சலைப் பிரித்ததும் தெரியாது. சொன்ன பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் தெரியும். மாற்றித் தந்தாரா, பணத்தைத் திருப்பினாரா, போனையே எடுக்கவில்லையா? மதிப்பிட வேண்டியது அதை. நாளை முகூர்த்தம், இன்று வந்தது வேறு நிறம் என்றால் கோபம் நியாயம்தான். அப்போதும் ‘நிறம் மாறி வந்தது, இரண்டு நாளில் மாற்றினார்’ என்று எழுதினால் அடுத்தவருக்கு உண்மை முழுதாகப் போகும். ஏமாற்றுபவர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் வேண்டாம். அவர்களைப் பற்றி உரக்க எழுதுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லுங்கள்.

விற்பவர்கள் பக்கமும் கணக்கு இருக்கிறது. ‘ஐந்து நட்சத்திரம் போட்டால் கேஷ்பேக்’ என்று பார்சலுக்குள் துண்டுச்சீட்டு வைப்பவர்கள், அந்த இடத்தில் அழைத்தால் எடுக்கும் ஒரு போன் எண்ணை அச்சிடலாம். தளங்களுக்கும் பொறுப்பு உண்டு. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள் அவற்றுக்குச் சொல்கின்றன. தீர்த்த புகாருக்குப் பக்கத்தில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று ஒரு குறி போடுவது எந்தத் தளத்துக்கும் பெரிய வேலையில்லை. அதை வாங்குபவர்களும் விற்பவர்களும் சேர்ந்தே கேட்கலாம்.