மும்பையில் காட்டப்படாத மும்பை

செம்பூரை அடுத்த திலக் நகர் ரயில் நிலையத்தின் அருகில் உள்ளது லோகமான்ய திலக் முனையம். தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வருவோரும் மும்பையைச் சுற்றிப் பார்க்க வருவோரும் இங்கே இறங்குகிறார்கள். பார்க்க வருவோருக்கான பட்டியல் ஏற்கெனவே தயார்: சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம், கேட்வே ஆஃப் இந்தியா, எலிபெண்டா குகைகள், மெரைன் டிரைவ், இறுதியாக அம்பானியின் மாளிகை. இந்நகரைத் தம் உழைப்பால் உருவாக்கியவர்கள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

1878இல் தொடங்கி 1887இல் எழுந்த ரயில் முனையத்தை யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் கோபுரங்களை வியக்காதவர் இல்லை. ஆனால், அந்த ரயில்வே நிறுவனத்தின் பிரிட்டிஷ் பங்குதாரர்களுக்கு இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து 5 சதவீத வருவாய் உத்தரவாதம் செய்யப்பட்டது என்பதோ, போர் கணவாயில் மலையைக் குடைந்து பாதை அமைத்தபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் காலராவுக்கும் விபத்துக்கும் பலியானார்கள் என்பதோ சொல்லப்படுவதில்லை.

கேட்வேயின் கதையும் இதுவே. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்டு 1924இல் திறக்கப்பட்டது. 1948 பிப்ரவரியில் கடைசி பிரிட்டிஷ் படை அதன் வழியே வெளியேறியது. இவ்விரண்டுக்கும் இடையில் அதே கடற்பரப்பில் நிகழ்ந்தது என்ன? 1946 பிப்ரவரி 18 அன்று ‘தல்வார்’ பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 78 கப்பல்களுக்கும், ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. காங்கிரஸ், லீக், கம்யூனிஸ்ட் கட்சிக் கொடிகள் ஒன்றாகப் பறந்தன. காங்கிரஸ், லீக் தலைவர்கள் சரணடையச் சொன்னபோது, கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்று பம்பாய்த் தொழிலாளி வர்க்கம் பிப்ரவரி 22 அன்று வீதிக்கு வந்தது. துப்பாக்கிச் சூட்டில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பரேலில் கட்சி ஊழியர் கமல் தோண்டே உயிர்த்தியாகம் செய்தார். கொலாபாவில் எழுச்சியின் நினைவுச்சின்னம் உண்டு. பயணப் பட்டியல்களில் அதைக் காண்பது அரிது.

பரேலின் ஆலைகளுக்கு நேர்ந்ததும் மறதிதான். 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இன்று பீனிக்ஸ் ஆலை ஆடம்பர வணிக வளாகம். அதன் புகைபோக்கி வெறும் அலங்காரம்.

உழைப்பாளிகள் காட்சிக்கு வைக்கப்படும் இடம் ஒன்று மட்டும் உண்டு. அது தாராவி. கட்டணம் செலுத்திய பயணிகள் அதன் சந்துகளில் வரிசையாக நடத்திச் செல்லப்படுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களும், கும்பார்வாடாவின் குயவர்களும் எழுப்பிய தொழில் நகரம் அங்கே வறுமைக் காட்சியாகச் சுருங்குகிறது. அதே தாராவி இன்று, 80 சதவீதப் பங்கு கொண்ட அதானி குழுமத்தின் மறுமேம்பாட்டுத் திட்டத்தில் சிக்கியுள்ளது. ‘தகுதியற்றோர்’ என முத்திரை குத்தப்படுவோருக்காகத் தேவனார் குப்பைக் கிடங்கு நிலமும் உப்பள நிலங்களும் குறிக்கப்படுகின்றன. வறுமையை வேடிக்கை பார்க்கலாம். வறியவர் அங்கே வாழக்கூடாது என்பதே முதலாளித்துவத்தின் நகர அழகியல்.

எலிபெண்டாவின் சிற்பங்களும் முனையத்தின் வளைவுகளும் உழைப்பாளி மக்களின் சொத்துகளே. அவற்றை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 1946இன் களங்களிலும் ஆலைப் பகுதிகளிலும் அரசு தகவல் பலகைகள் நிறுவ வேண்டும். தாராவி மக்கள் அனைவருக்கும் தாராவியிலேயே வீடும் தொழிலிடமும் உறுதிசெய்யப்பட வேண்டும். அரசு செய்யும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 18 முதல் 22 வரை கொலாபாவிலிருந்து பரேல் வரை இளைஞர்களையும் தமிழகத்திலிருந்து வரும் உறவினர்களையும் அழைத்துச் சென்று இந்த வரலாற்றைச் சொல்வது மும்பைத் தோழர்களால் இயலும் பணி. வரலாற்றை மறந்த வர்க்கம் தன் இருப்பிடத்தையும் இழக்கும்.